அறுபத்திரண்டு மூடிகளும் ஒரு பெயரும்

லக்சிகா வென்றவை இவை. பதின்மூன்று வயதில், பதினேழு நாள் கடற்பயணத்தில், ஒருமுறைகூட வாந்தி எடுக்காத ஒரே பயணி என்ற புகழ். நோபல் பார்க் பள்ளிக்கூடத்தில் நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலிடம். முன்னால் ஓடிய பெண் பாதை மாறி ஓடிவிட்டாள் என்பதால் கிடைத்தது, ஆனாலும் முதலிடம்தான். பதினொரு வருடமும் நான்கு மாதமும் காத்திருந்து நிரந்தர விசா. மூன்றாம் முறையில் கார் லைசென்ஸ். ஒரு சொல்லும் விளங்காத தகாலோக் மொழிப் பாட்டுக்குக் கரோக்கே இயந்திரத்திடமிருந்து நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அதன் பிறகு, பிலிப்பைன்ஸ் நாட்டில் நாற்பத்தொரு லட்சம் பேர் கேட்ட ஒரு பாட்டு. எல்லாவற்றுக்கும் கடைசியாக, தன்னுடைய பெயர். பிறந்தபோதே கையில் இருந்த பொருள் அது. அதுதான் எல்லாவற்றிலும் பிந்திக் கிடைத்தது.

இவற்றை நாளும் கிழமையும் பிசகாமல் சொல்லக்கூடியவன் அவளுடைய அண்ணன் பிரஷாந்தன். அவளுக்கு ஒன்பது வயது மூத்தவன். சாதாரண தரப் பரீட்சை எழுதியதோடு நாட்டில் சண்டை மூண்டு படிப்பு நின்றுபோனது. இப்போது டண்டினோங் தெற்கில் ஒரு பெரிய களஞ்சியத்தில் ஃபோர்க் லிஃப்ட் ஓட்டுகிறான். ஏழு வருடத்தில் ஒரு பெட்டியைக்கூட அவன் தவறான தட்டில் வைத்ததில்லை. லேபிளை இரண்டு தரம் வாசிப்பான், பிறகு பெட்டியைப் பார்ப்பான், பிறகு மறுபடி லேபிளை வாசிப்பான். அங்குள்ளவர்கள் அவனை மிகவும் மதிக்கிறார்கள். ஆனால் அவனைக் கூப்பிடுவது கனகலிங்கம் என்று.

கனகலிங்கம் அவனுடைய அப்பாவின் பெயர். லக்சிகாவையும் கனகலிங்கம் என்றுதான் கூப்பிட்டார்கள். மூவரும் ஒரே படகில் ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர்கள். அம்மா அதற்கு மூன்று வருடம் முன்பே வன்னியில் இல்லாமல் போய்விட்டார். வந்திறங்கிய இடத்தில் எழுதிய படிவத்தில் பிள்ளைகளின் முதற்பெயர் என்ற பெட்டியில் கனகலிங்கமும், குடும்பப் பெயர் என்ற பெட்டியில் சொந்தப் பெயரும் ஏறிவிட்டன. அப்பாவின் பெட்டியில் அவருடைய அப்பா சின்னத்துரை ஏறிவிட்டார். ஆக அந்த வீட்டுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து "அன்புள்ள கனகலிங்கம்" என்று கடிதம் வந்தால் அது இரண்டு பேருக்கு உரியது, அந்த இரண்டில் ஒருவரும் கனகலிங்கம் இல்லை. உண்மையான கனகலிங்கத்தை டாக்டரிடம் சின்னத்துரை என்று கூப்பிடுவார்கள். அவர் எழும்பமாட்டார். தகப்பன் செத்து முப்பது வருடம் என்று சொல்லிக்கொண்டு கதிரையிலேயே இருப்பார்.

பள்ளிக்கூடத்தில் முதல் வருடம் லக்சிகா ஆசிரியர்களைத் திருத்திப் பார்த்தாள். இரண்டாம் வருடம் கனகலிங்கம் என்றதும் கையைத் தூக்கினாள். விசா வழக்கு முடியும்வரை கடதாசியில் ஒரு எழுத்தையும் தொடக்கூடாது என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். வழக்கு 2023 கார்த்திகையில் முடிந்தது. அதற்குள் எல்லாருக்கும் பழகிவிட்டது.

அந்தப் பெயர் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் அவள் முதியோர் இல்லமொன்றின் குசினிக்கு, அதாவது சமையலறைக்கு, வேலைக்குப் போனாள். பராமரிப்பு வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். அவர்களில் மூத்தவள் மரிசெல் என்கிற தாதி. கனகலிங்கம் என்ற அட்டையை முதல் நாள் ஆறு விநாடி உற்றுப் பார்த்துவிட்டு, "லிங்லிங்" என்று முடிவெடுத்தாள். எந்தப் பெயரையும் இரண்டு தட்டுத் தட்டிச் செல்லப்பெயராக்குவது அவர்கள் வழக்கம். இப்படியாக வன்னியில் பிறந்த லக்சிகா மெல்பேர்னில் கனகலிங்கமாகி, கனகலிங்கம் குசினியில் லிங்லிங் ஆனாள்.

குசினியை மரிசெல்லும் குசினா என்றாள். மேசைக்கு மேசா, காலில் போடும் சப்பாத்துக்குச் சப்பாத்தோஸ். லக்சிகா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அப்பாவின் முகம் மலர்ந்தது.

"பாத்தியே, எங்கட பாசையை அவையள் எடுத்துப் போட்டினம்."

"அப்பா, அது அங்க ஸ்பானியாக்காரன் குடுத்தது. எங்களுக்குப் போர்த்துக்கேயன் குடுத்தது."

"ஆரோ குடுத்தது. முதல் எங்களுக்குத்தான் குடுத்திருப்பாங்கள்."

மரிசெல்லின் பிறந்தநாள் ஹம்ப்டன் பார்க்கில் அவள் வீட்டில் நடந்தது. சாப்பாடு முடிய மைக்கோடு கூடிய கரோக்கே இயந்திரம் வந்தது. பிலிப்பைன்ஸ் வீட்டில் அது அடுப்புக்கு அடுத்த சாமான். சின்ன வயதிலிருந்தே மாதா கோயிலில் பாடுகிற மரிசெல் கண்ணை மூடி உருகிப் பாடினாள். அறையில் பாதிப் பேர் அழுதார்கள். இயந்திரம் எழுபத்தொன்று போட்டது. லக்சிகா, திரையில் ஓடிய எழுத்துகளை அர்த்தம் தெரியாமல், ஆனால் இயந்திரம் கேட்ட சுருதியில் ஒரு மயிரிழை விலகாமல் வாசித்துவிட்டாள். தொண்ணூற்றெட்டு. மரிசெல்லின் புருசன் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, இதை ஆஸ்திரேலியாவில் வாங்கினோம், அதனால்தான் நமது பாட்டு இதற்கு விளங்கவில்லை என்று எல்லாரையும் ஆறுதற்படுத்தினான்.

லக்சிகா முறையாக எந்த வாத்தியமும் படித்தவளல்ல. படகில் வந்த பிள்ளையை வீணை வகுப்புக்கு விட வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பழைய மடிக்கணினி ஒன்றில் வீடியோக்களைப் பார்த்துத் தானாகப் பழகினாள். முதலில் மரிசெல்லின் சிநேகிதிகளுக்காக 'மினஸ் ஒன்' செய்தாள். பாடகரின் குரலை மட்டும் கழற்றிவிட்டு மீதி இசையை வைத்திருக்கும் பாட்டு அது. வயது ஏற ஏறக் குரல் இறங்கிவிட்ட அன்ரிமாருக்குச் சுருதியை இறக்கிக் கொடுத்தாள். ஞானஸ்நானம், பதினெட்டாம் பிறந்தநாள், சிட்னியிலிருந்து வந்த கல்யாணம் என்று அவளைத் தேடி ஆட்கள் வந்தார்கள். எல்லா நிகழ்ச்சித் தாளிலும் "இசை உதவி: லிங்லிங்" என்றிருந்தது.

தமிழர் கூடும் கரம் டவுன்ஸ் கோயிலில் இதைக் கேள்விப்பட்ட ஒரு அன்ரி நேரடியாகவே கேட்டாள். "ஏன் பிள்ளை, எங்கட ஆக்களுக்கு ஒண்டும் செய்யமாட்டியோ?"

"கேட்டா செய்வன் அன்ரி."

"கேட்டுத்தான் செய்விக்கிறதெண்டா, இந்தியாவில இருந்து ஆளைக் கூப்பிடலாமே" என்றுவிட்டு அன்ரி பொங்கல் வாங்கப் போனாள்.

மரிசெல்லின் மகள் ட்ரிஷா மெல்பேர்னில் பிறந்தவள். வயது பத்தொன்பது. நான்கு சிநேகிதிகளைச் சேர்த்துக்கொண்டு, கொரியப் பெண்கள் குழுக்களைப் போல ஒரே மாதிரி உடுத்து, கண்ணாடிக்கு முன்னால் மணிக்கணக்காக ஆடிப் பழகுவாள். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு பாட்டு வேண்டியிருந்தது. சொற்களை மரிசெல் மதியச் சாப்பாட்டுப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதினாள். வெளிநாட்டில் வேலை செய்யும் ஒரு தாய், ஊரிலிருக்கும் பிள்ளை படுக்கப் போகும் நேரத்தில் கூப்பிடுகிறாள். அவளுடைய கைபேசியில் மீதி இருப்பது ஒரு சதவீதச் சார்ஜ். பாட்டின் பெயரும் அதுதான், தகாலோக்கில்.

தாளத்தை லக்சிகா குசினியில் கண்டுபிடித்தாள். அந்த இல்லத்தில் அறுபத்திரண்டு பேர். அறுபத்திரண்டு சாப்பாட்டுத் தட்டு, தட்டுக்கு ஒன்றாக அறுபத்திரண்டு எவர்சில்வர் மூடி. பதினொன்று நாற்பதுக்கு அவற்றை ஒவ்வொன்றாக அடுக்கும்போது ஒரு சத்தம் எழும். நெளிந்த மூடி ஒரு மாதிரிப் பேசும், நெளியாதது வேறு மாதிரி. கைபேசியை ரொட்டிப் பெட்டியின் மேல் சாய்த்துவைத்துப் பதிவு செய்தாள். பிறகு கணினியில் ஒவ்வொரு மூடிக்கும் ஒரு சுருதி கொடுத்தாள். ட்ரிஷாவின் குரலைப் பதிந்தது அங்காடித் தரிப்பிடத்தில், கண்ணாடி ஏற்றிய காருக்குள். ட்ரிஷாவுக்குத் தகாலோக் உச்சரிப்பு வராது. மரிசெல் இடைவேளையில் போன் எடுத்துத் திருத்தினாள். அப்படியும் சுருதி விலகிய இடங்களை மென்பொருள் நேராக்கியது.

அப்பா முழுதும் கேட்டார். "தகரச் சத்தம்" என்றார். பிரஷாந்தன் பதினாறு தரம் கேட்டான். எல்லா மூடியும் தன் இடத்தில் இருந்தது என்றான். அவனிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

பாட்டை வலையில் ஏற்றும்போது தளம் இசையமைத்தவர் பெயர் கேட்டது. ட்ரிஷா தனக்குத் தெரிந்ததை, அதாவது அட்டையில் இருந்ததை, அப்படியே போட்டாள். "இசை: கனகலிங்கம்." யார் அது என்று கீழே கேட்டவர்களுக்கெல்லாம் மரிசெல், அது எங்கள் லிங்லிங் என்று பதில் எழுதினாள்.

மூன்று வாரத்தில் அது மணிலாவில் பேருந்துகளுக்குள்ளும் பள்ளிக்கூட வாசல்களிலும் ஒலித்தது. ஆட்கள் அதற்கு ஆடிக் காட்டினார்கள். யாரோ ஒருவர் கணினிக் குரலில் கொரிய மொழியில் பாடவைத்து வெளியிட்டார். அப்பா அதையும் கேட்டுவிட்டு, இதுதான் மற்றதைவிடத் திறம், பிள்ளை வடிவாய்ப் பாடியிருக்கு என்றார். பிள்ளை என்று ஒருவரும் இல்லை என்பதை அவருக்குச் சொல்லவில்லை. மணிலாவில் இசை விமர்சனம் செய்கிற ஒருவர் இருபது நிமிட வீடியோ போட்டார். அமெரிக்கப் பாட்டும் கொரிய ஆட்டமும் கணினியும் சேர்ந்து நம் இசையை விழுங்கிவிட்டன என்று முதல் பத்து நிமிடம் வருந்தினார். அடுத்த பத்து நிமிடம் இந்தப் பாட்டின் தாளத்தைப் போற்றினார். நம் தென் தீவுகளின் பழைய வெண்கலக் கிண்ணங்களின் நாதம், கலப்படமில்லாதது, வேர்களுக்குத் திரும்பிய ஒரு இளம் கலைஞரின் தேடல் என்றார். கீழே, அது எந்தத் தீவின் கிண்ணம் என்று எண்ணூறு பேர் சண்டை பிடித்தார்கள்.

மரிசெல் அதைச் சாப்பாட்டு அறையில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினாள். குசினிப் பொறுப்பாளர் போய் நெளிந்த மூடிகளை எண்ணிப் பார்த்துவிட்டு வந்தார்.

இதே நேரத்தில் கரம் டவுன்ஸில் வேறொன்று நடந்தது. கோயிலில் பூக்கட்டும் இடத்தில் அப்பாவை ஒருவர் நிறுத்தினார். "அங்கிள், நீங்கள் பிலிப்பைன்ஸ்காரருக்குப் பாட்டுப் போட்டனீங்களாம். என்ர மகள் காட்டினவள். உங்கட பேர் கிடக்கு." அப்பா இல்லை என்று சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. "ஏதோ, எங்களால முடிஞ்சது" என்றார். அடுத்த சனிக்கிழமை புதுச் சால்வையோடு போனார்.

2025 மார்ச் ஆறாம் திகதி வியாழக்கிழமை, மணிலாவில் ஒரு சிறிய இசை நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. பாட்டை முறையாக வெளியிடுகிறார்கள். இனி அது எங்கே ஒலித்தாலும், யார் திருப்பிப் பாடினாலும், இசையமைத்தவர் பெயர் கூடவே போகும். ஒருமுறை பதிந்தால் மாற்ற முடியாது. அடையாள அட்டையில் உள்ள பெயரோ, கேட்பவர்களுக்குப் பழகிய லிங்லிங்கோ, இரண்டில் ஒன்று. மார்ச் பதினேழுக்குள் கையெழுத்து வேண்டும். கேட்பவர்கள் லிங்லிங் மணிலாவின் சீனத் தெருப் பெண் என்று நம்புவதால் அதுவே நல்லது என்றும், முடிந்தால் படம் எதுவும் போடாமல் இருந்தால் இன்னும் நல்லது என்றும் நிறுவனத்துப் பெண் மிக மரியாதையாக எழுதியிருந்தாள்.

லக்சிகா பதிலுக்கு மூடிகள் அடுக்கும் வீடியோவை அனுப்பினாள். கூடவே அடையாள அட்டையையும் வைத்து, தன் பெயர் லக்சிகா என்று எழுதினாள். நிறுவனத்துப் பெண் மறுநாள், வீடியோ மிக அழகு, ஆனால் அட்டையில் முதற்பெயர் கனகலிங்கம் என்று இருக்கிறதே, லக்சிகாதான் முதற்பெயர் என்பதற்குச் சான்று உண்டா என்று கேட்டாள். பெயரை மாற்றும் அலுவலகம் ஆறு வாரம் ஆகும் என்றது.

சனிக்கிழமை காலை மூவரும் வீட்டுக் குசினி மேசையில் இருந்தார்கள்.

"என்ர பேரிலயே வரட்டுமே" என்றார் அப்பா. "உனக்கு நான் வேற ஆளோ?"

"நீங்கள் தகரச் சத்தம் எண்டனீங்கள்."

"தகரத்திலயும் நல்ல தகரம் இருக்கு."

"அப்பா, பள்ளிக்கூடத்தில கனகலிங்கம். வேலையில லிங்லிங். டாக்டரிட்ட கனகலிங்கம். நான் ஒண்டே ஒண்டு செய்தனான், அதிலயாவது நான் இருக்கவேணும். இல்லாட்டி கையெழுத்து வைக்கமாட்டன். அவங்கள் வேற ஆளைக் கொண்டு தாளம் போடட்டும்."

"விசர்க் கதை கதையாதை."

"விசர் எனக்கில்லை. அண்டைக்கு எங்கட பேரை மாத்திப் போட்ட அந்த ஒஃபிசருக்கு. அண்ணா எத்தினை தரம் சொல்லியிருக்கிறார்!"

பிரஷாந்தன் எழும்பி அறைக்குள் போனான். வீட்டுப் பத்திரங்களை அவன் வருட வாரியாக அடுக்கி வைத்திருந்தான். முதலாவது கோப்பின் முதலாவது கடதாசியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். வந்திறங்கிய நாளில் எழுதிய படிவத்தின் பிரதி. நீல மையில், அச்சுப் போலப் பெரிய எழுத்துகள், ஒன்றும் கோட்டைத் தாண்டவில்லை.

லக்சிகா நெடுநேரம் பார்த்தாள். "அண்ணா, இது ஆற்ற எழுத்து?"

"என்ர."

"நீங்களே எழுதினனீங்கள்?"

"ஓம். எங்கட பள்ளிக்கூட ரெஜிஸ்டரில கனகலிங்கம் லக்சிகா எண்டுதானே இருந்தது. தகப்பன்ர பேர்தானே எங்களுக்கு முன்னுக்கு வாறது. முதல் பெட்டியில முதல் பேர், கடைசிப் பெட்டியில கடைசிப் பேர். மூண்டு தரம் சரிபார்த்துத்தான் குடுத்தனான்."

"பதின்மூண்டு வருசமா அந்த ஒஃபிசரையெல்லே திட்டினனீங்கள்!"

"அவனும் பெரிய நல்லவனில்லை."

லக்சிகா முதலில் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள். ஏழு வருடத்தில் ஒரு பெட்டியைக்கூட மாற்றி வைக்காத மனிதன், தன் வாழ்க்கையில் எழுதிய முதலாவது லேபிளையே மாற்றி ஒட்டியிருந்தான். அந்தப் பெட்டிக்குள் இருந்தது அவன் தங்கை.

"இப்ப என்ன செய்யிறது?" என்றாள்.

"நான் பிழை விட்டனான் எண்டு எழுதித் தாறன். சத்தியக் கடதாசியில."

அந்த வீட்டில் அது சிறிய விடயமல்ல. சண்டை முடிந்தபின் ஊரில் இருந்த முகாமில், தனக்குத் தெரியாத மொழியில் இருந்த ஒரு கடதாசியில் அப்பா ஒருமுறை கையெழுத்து வைத்தார். அதன் பலனை அவர் ஒரு வருடம் தடுப்புக் காவலில் அனுபவித்தார். அதற்குப் பிறகு, பிழை என்று எதையும் எழுத்தில் ஒப்புக்கொள்ளக்கூடாது என்பதே வீட்டுச் சட்டம். வேலையிடத்து வருகைத் தாளில்கூட லக்சிகா ஒரு 'கே'யும் ஒரு கோடும் மட்டுமே இழுப்பாள். கனகலிங்கத்தின் 'கே'.

அப்பா படிவத்தையும் மகனையும் மாறிமாறிப் பார்த்தார். "எழுதினா எங்களைத் திருப்பி அனுப்புவாங்களோ?"

"இல்லையப்பா. விசா கிடைச்சிட்டுது. இப்ப பிழை விடலாம்."

சத்தியக் கடதாசிக்குச் சாட்சி வைக்க மருந்துக்கடைக்காரருக்கு அதிகாரம் உண்டு. நோபல் பார்க் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் நரசிம்மன் இருந்தார், தஞ்சாவூர்க்காரர். அடுத்த வெள்ளிக்கிழமை, லக்சிகாவின் வேலை முடிந்து, மூவரும் போனார்கள். அப்பாவை யாரும் கூப்பிடவில்லை. சால்வையோடு காரில் முன்னாலேயே ஏறி இருந்தார்.

பிரஷாந்தன் எழுதியதை நரசிம்மன் ஒருமுறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"ஏங்க, இதுக்கா இவ்வளவு வருத்தப்படுறீங்க? என் பாஸ்போர்ட்ல எங்கப்பா வெங்கட்ராமன் சர்நேமா உட்கார்ந்துட்டாரு. முதல்ல வேலை பார்த்த ஆஸ்பத்திரில எல்லாரும் என்னை வெங்கட்னுதான் கூப்பிடுவாங்க. ஊர்ல அப்பாகிட்ட சொன்னா, 'அப்போ சம்பளம் எனக்குத்தானே வரணும்'ங்கிறாரு."

"நீங்க மாத்தேல்லையோ?" என்றாள் லக்சிகா.

"நான் பாட்டா போட்டேன்? மாத்திரைதானேம்மா குடுக்கிறேன். யார் பேர்ல குடுத்தா என்ன." தாளைத் திருப்பினார். "தம்பி, 'எனது கவனக்குறைவால்'னு எழுதியிருக்கீங்க. மூணு தடவை சரிபார்த்தேன்னும் எழுதியிருக்கீங்க. ரெண்டும் ஒண்ணா எப்படி?"

"ரெண்டும் உண்மை" என்றான் பிரஷாந்தன்.

நரசிம்மன் அதை அப்படியே விட்டார். பிரஷாந்தன் கையெழுத்து வைத்தான். அடுத்தது லக்சிகாவின் தாள்: கனகலிங்கம் லக்சிகா என்பவரும் லக்சிகா கனகலிங்கம் என்பவரும் ஒரே ஆள்தான், அந்த ஆள் நான்தான் என்ற உறுதி.

"அப்ப என்ர பேர் பின்னுக்கோ?" என்றார் அப்பா.

"ஓம் அப்பா. பின்னுக்கு."

"பின்னுக்கு நிக்கிறது பிரச்சினையில்லை. எழுத்துப் பிழை இல்லாமல் நிக்கவேணும். இவனை ஒருக்காச் சரிபார்க்கச் சொல்லு." பிறகு யோசித்துவிட்டு, "வேண்டாம், நீயே பார்" என்றார்.

தாள்களைப் படமெடுத்து அனுப்பி இருபது நிமிடத்தில் மணிலாவிலிருந்து சரி என்று வந்தது. ஒப்பந்தம் கைபேசியில் திறந்தது. கையெழுத்து வைக்கிற இடத்தில் அவளுடைய பெயரை இயந்திரம் தானே நான்கு விதமாகச் சுழித்து எழுதி, எது உங்கள் கையெழுத்து என்று கேட்டது. நான்கும் மிக அழகாக இருந்தன. ஒன்றும் அவளுடையதல்ல. அவள் மூன்றாவதைத் தட்டினாள். பாட்டு இன்று அந்தக் கையெழுத்தின் பேரில்தான் உலகத்தில் உலாவுகிறது. மணிலா விமர்சகர், லக்சிகா என்பது தென் தீவுகளின் பழைய இளவரசிகளில் ஒருத்தியின் பெயராக இருக்கக்கூடும் என்று இன்னொரு வீடியோவும் போட்டிருக்கிறார்.

இயந்திரம் போட்டதைப் பிரஷாந்தன் கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு அரை மணி நேரம் முன்பு, இருமல் மருந்துத் தட்டுக்குப் பக்கத்தில், நரசிம்மனின் பேனையை வாங்கி, சத்தியக் கடதாசியின் கீழே அவள் 'கே'யும் கோடும் இல்லாமல், தமிழில், நான்கு எழுத்தையும் ஒவ்வொன்றாக எழுதினாளே, அதைத்தான் எடுக்கிறான். லக்சிகா தன் பெயரை முதன்முதலாகக் கையெழுத்தாக வைத்தது 2025 மார்ச் மாதம் பதினான்காம் திகதி, வெள்ளிக்கிழமை.